றூட்டுக்கு வந்த கடிதங்கள்

'லினக்ஸ் கணனியில் நுழைந்ததும் உங்களுக்குத் தபால் இருக்கிறது என்று ஒரு வரி வருகிறது. நான் ஒருவருக்கும் விலாசம் கொடுக்கவில்லையே?' என்று பேசாலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

1964 புயல்வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறி வந்த தபால் போன்றதல்ல இது. வீட்டுக்குள் எழுதி வீட்டுக்குள்ளேயே போடுகிற கடிதம். இணையமே வேண்டாம். 1971இல் யுனிக்ஸின் முதற்பதிப்பிலேயே இருந்த 'மெயில்' கட்டளையைத் தட்டினால் பட்டியல் வரும். எண்ணைத் தட்டினால் கடிதம் விரியும்.

எழுதுகிறவர் பெரும்பாலும் க்ரான். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது அதன் தொழில். வேலை சத்தமின்றி முடிந்தால் அதுவும் பேசாது. வேலை ஏதாவது முணுமுணுத்தால் அதை அப்படியே எழுதிப் போட்டுவிடும். முக்கியமான கடிதங்களெல்லாம் கணனியின் நிர்வாகிக் கணக்கான றூட் என்ற பெயருக்குப் போகும். றூட் என்று ஓர் ஆளே இல்லை என்பதுதான் சங்கடம்.

எனக்குத் தெரிந்த ஒரு கந்தோரில் எட்டு மாதமாக இரவுப் பிரதியெடுப்பு நடக்கவேயில்லை. வன்தட்டு செத்த அன்று கணனியைத் திட்டினார்கள். அதுவோ இருநூறுக்கு மேல் கடிதம் எழுதி வைத்திருந்தது.

1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது, புதிய இருப்பிடத்தைத் தபாற்காரரிடம் சொல்லிவிட்டு வந்தவர் அம்மா ஒருவர்தான். அதையே இங்கும் செய்யவேண்டும். அலியாஸஸ் என்ற கோப்பில் 'றூட்' என்றெழுதி, முக்காற்புள்ளி இட்டு, உங்கள் விலாசத்தைப் போடுங்கள். பிறகு 'நியூஅலியாஸஸ்' கட்டளை. சாதாரணப் பயனருக்கு அவருடைய அடைவில், புள்ளியில் தொடங்கும் 'ஃபார்வர்ட்' கோப்பில் ஒரு வரி போதும். வெளியூர் விலாசமென்றால் உங்கள் மின்னஞ்சல் சேவையின் வழங்கி வழியாக அனுப்புங்கள். முகந்தெரியாத வீட்டுக் கணனியின் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் வாசலிலேயே திருப்பிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற தபாற்காரர் இல்லாமலே வரும் லினக்ஸ்களும் உண்டு. அங்கே க்ரான் எழுதியது குப்பைக்குத்தான்.

எனக்குப் பிடித்த விசித்திரம், றூட்டின் அதிகாரத்தைக் கடன் வாங்கித் தரும் சூடோ கட்டளை. 'சூடு' என்றே உச்சரிக்கவேண்டுமாம். அனுமதியில்லாதவர் தொட்டால் 'இச்சம்பவம் அறிவிக்கப்படும்' என்று அதன் பழைய பதிப்புகள் மிரட்டும். யாருக்கு என்று நெடுநாள் சிரித்திருக்கிறேன். அந்தக் கந்தோர்ப் பெட்டியைத் துழாவியபோது, அடியில் கிடந்த பழைய கடிதத்தில் என் பெயரே இருந்தது. தேதி, நேரம், நான் தட்டிய கட்டளையோடு.