பேனல் புதுசு... பேட்டரியும் புதுசு... லைட் மட்டும் 8 மணிக்கே அவுட்! கரண்டை தின்ற ஒல்லி ஒயர்

வேளாங்கண்ணி:

வேளாங்கண்ணி கடற்கரையில் பொழுது சாய்ந்த பிறகுதான் வறுத்த மீன் வியாபாரம் சூடு பிடிக்கும். அந்த நேரம் பார்த்து வண்டியில் லைட் அணைந்தால் எப்படி இருக்கும்? தள்ளுவண்டி வியாபாரி ஒருவருக்கு தினமும் அதே கதைதான்.

"100 வாட்ஸ் பேனல், 12 வோல்ட் பேட்டரி, 2 எல்.இ.டி. பல்பு, ஒரு குட்டி ஃபேன். அவ்ளோதாங்க செட்டு. ராத்திரி 11 மணி வரை தாங்கணும். 8 மணிக்கே பல்பு மங்குது. பேட்டரி போச்சுன்னு நினைச்சு கடன் வாங்கி புதுசு மாட்டினேன். ஒரே வாரத்துல மறுபடி அதே பாட்டு" என்று நொந்து கொண்டார்.

கோளாறு பேனலிலும் இல்லை, பேட்டரியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் தொங்கிய ஒயரில்!

வண்டி நிற்பது நிழலில். பேனல் கிடப்பது வெயிலில். இடையில் 10 மீட்டர் தூரம். அதற்கு வீட்டில் பல்புக்கு இழுக்கிற 1 ஸ்கொயர் ஒயரை, அதுவும் 2 இடத்தில் முறுக்கி டேப் சுற்றி இழுத்திருந்தார். "இந்த ஒயர் 10 ஆம்பியர் தாங்கும்னு கடையில சொன்னாங்களே" என்பது அவர் கேள்வி. தாங்கும்தான். எரியாமல் தாங்குவது வேறு, கரண்டை சிந்தாமல் கொண்டு போவது வேறு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

வீட்டு 230 வோல்ட் லைனில் 100 வாட்ஸ் எடுத்தால் அரை ஆம்பியர்கூட ஓடாது. அதே 100 வாட்ஸ் பேனலில் இருந்து 18 வோல்ட்டில் வரும்போது ஐந்தரை ஆம்பியர். ஆம்பியர் 2 மடங்கானால் ஒயரில் வீணாவது 4 மடங்கு. இங்கே ஆம்பியரே 12 மடங்கு. அப்போ நஷ்டம்? சுமார் 150 மடங்கு! வீட்டு வயரிங் பழக்கத்தில் சோலாருக்கு ஒயர் இழுத்தால் இதுதான் கதி.

10 மீட்டர் என்றாலும் கரண்ட் போய்த் திரும்ப வேண்டும். ஆக 20 மீட்டர். 1 ஸ்கொயர் செம்பு ஒயரில் அந்த தூரத்துக்கு சுமார் 2 வோல்ட் காணாமல் போகும். 230-ல் 2 போனால் யாருக்கும் தெரியாது. 18-ல் 2 போனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலி.

வெயில் செய்யும் வேலை

18 வோல்ட் என்பதும் பேனல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போதுதான். நம்ம ஊர் உச்சி வெயிலில் பேனல் 65 டிகிரிக்கு கொதிக்கும். அப்போது 15 வோல்ட்தான் தேறும். பேட்டரி நிறைய 14.4 வோல்ட் வேண்டும். இடையில் ஒயர் 2 வோல்ட்டை விழுங்கினால் பேட்டரி எப்படி நிறையும்? அரை வயிறோடுதான் தினமும் கிடக்கும். லெட் ஆசிட் பேட்டரியை இப்படியே போட்டு வைத்தால் தட்டில் வெள்ளை படிந்து சீக்கிரமே சாகும். அவருடைய பழைய பேட்டரி செத்ததும் அநேகமாக இப்படித்தான்.

மல்டி மீட்டர் இருந்தால் நீங்களே பார்த்து விடலாம். நல்ல வெயிலில், சார்ஜ் ஏறும்போது பேனல் முனையில் ஒரு தடவை, கன்ட்ரோலர் முனையில் ஒரு தடவை வையுங்கள். வித்தியாசம்தான் ஒயர் தின்றது. இவர் வண்டியில் பேனல் பக்கம் 15.1, இந்தப் பக்கம் 12.7 காட்டியது. ஒயர் கணக்கு 2 வோல்ட். மிச்சம் அந்த முறுக்கிய ஜாயின்டில் போனது. கடல் உப்புக் காற்றில் செம்பு பச்சையாக களிம்பு பிடித்துக் கிடந்தது. இப்படிப்பட்ட ஜாயின்ட் சூடாகும். கீற்றுக் கொட்டகை பக்கத்தில் இருந்தால் ஆபத்து.

ஒயரை 4 ஸ்கொயர் செம்புக்கு மாற்றினால் அந்த 2 வோல்ட் அரை வோல்ட்டாக இறங்கும். அலுமினியம் கலந்த மலிவு ஒயர் வேண்டாம், அது இன்னும் தின்னும். கையில் காசு இல்லையா? அதே பழைய ஒயரில் இன்னொரு ஜோடியை சேர்த்து இழுத்தாலே நஷ்டம் பாதியாகும். மிச்ச ஒயரை சுருட்டி வைக்காமல் வெட்டி விடுங்கள், சுருளிலும் கரண்ட் போகத்தான் செய்யும். முனைகளுக்கு லக் வைத்து கிரிம்ப் செய்வது நல்லது.

கன்ட்ரோலரை பேட்டரியை ஒட்டியே வைக்க வேண்டும். சிலர் பேனலுக்கு அடியில் கட்டி விடுகிறார்கள். அது தன் முனையில் 14.4 வந்ததும் பேட்டரி நிறைந்து விட்டது என்று சார்ஜை குறைத்து விடும். ஒயரின் மறுமுனையில் பேட்டரியோ பசியோடு இருக்கும். பேட்டரி பிளஸ் முனை பக்கத்தில் ஒரு பியூஸ் போட மறக்காதீர்கள்.

2 பேனல் வைத்திருப்பவர்கள் சீரியலில் போட்டால் ஆம்பியர் பாதி, ஒயர் நஷ்டம் கால் பங்கு. ஆனால் அந்த வோல்ட்டை தாங்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வேண்டும். சாதா கன்ட்ரோலரில் மாட்டினால் லாபமே இல்லை, கன்ட்ரோலர் புகைந்தும் போகலாம்.

நம்ம வியாபாரி 4 ஸ்கொயர் மாற்றி, ஜாயின்ட் எல்லாம் எடுத்து விட்டார். மறுநாள் ராத்திரி பதினொன்றரைக்கும் பல்பு எரிந்தது. "பழைய பேட்டரியை எடைக்கு போட்டதுதாங்க வயிறெரியுது" என்றபடி அடுத்த மீனை திருப்பிப் போட்டார்.