களத்தில் முந்தியது ஈட்டியே

ஜப்பானியச் சாமுராய் என்றாலே வளைந்த வாள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களில் கைகலப்பின் பெரும்பாரத்தைச் சுமந்தது ‘யாரி’ எனும் ஈட்டி. அதன் செய்நேர்த்தியே இதற்குச் சான்று. வாளைப் போலவே அடித்துப் பதமேற்றிய எஃகு அலகு. அதன் அடியிலிருந்து நீளும் காம்பு மரத்தண்டுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். பல யாரிகளில் இக்காம்பு அலகையும் விட நீளம். குத்தி இழுத்தாலும், பக்கவாட்டில் ஓங்கி அடித்தாலும் அலகு எளிதில் கழலாது.

இது வெறும் காலாட்களின் மலிவான ஆயுதம் என்று சொல்வோர் உண்டு. காலாட்படை நீள ஈட்டிகளோடு அணிவகுத்தது உண்மைதான். ஆனால் 1583-இல் ஷிசுகதகேப் போரில் படைத்தலைவர் ஹிதெயோஷியின் இளம் வீரர்கள் பெற்ற புகழ்ப்பெயர் ‘ஏழு ஈட்டிகள்’. எதிரிமேல் முதல் ஈட்டியைப் பாய்ச்சுவதே வீரனுக்குப் பெருமை. அப்படியானால் புகழில் வாள் எப்படி முந்தியது? 1615-க்குப் பின் பெரும்போர்கள் ஓய்ந்தன. நீண்ட ஈட்டியோடு அன்றாடம் நடமாட முடியாது. இடுப்பில் செருகிய வாளோ குலத்தகுதியின் அடையாளமானது. வாளின் புகழில் பெரும்பங்கு அமைதிக்காலம் தந்தது என்பதே எம் கருத்து. ஈட்டிக்கலையும் அழியவில்லை. நாரா நகரின் கோஃபுகுஜி பௌத்தக் கோயிலைச் சேர்ந்த துறவி ஹோசோயின் இன்எய், சிலுவை வடிவ அலகால் எதிராளியின் ஆயுதத்தைச் சிக்கவைத்து அமுக்கும் முறையை வளர்த்தார். அம்மரபு நாராவில் இன்றும் பயிற்றுவிக்கப்படுகிறது.