பிரசவ அச்சமும் உடலின் திறனும்

கரமனை ஆற்றங்கரை அக்கிரகாரங்களிலிருந்து தைக்காட்டு ஆஸ்பத்திரி நடந்து செல்லும் தொலைவே. ஆயினும் 1916-இல் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அங்குப் பொறுப்பேற்ற காலத்தில், பிரசவத்திற்காக ஆஸ்பத்திரியை நாடப் பெண்கள் அஞ்சினர். அவ்வம்மையார் தம் தலைமகவை ஆஸ்பத்திரியிலேயே ஈன்றார். நாட்டு மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கும் பயிற்சி அளித்தார். நூறு சொற்பொழிவுகளினும் இஃது பயன் தந்திருக்கும்.

இன்று ஆஸ்பத்திரி அச்சம் பெரிதும் நீங்கியுள்ளது. தலைப்பிரசவத்திற்கு வரும் பெண்ணின் வினா வேறு: "என் உடலால் இயலுமா?" 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பிரசவங்கள் அறுவை மூலம் நிகழ்ந்தன. உயிர்காக்க அறுவை இன்றியமையாத நிலைகளும் உண்டு என்பதை மறத்தலாகாது.

அச்சம் மிகும்போது சுரக்கும் அட்ரினலின், கருப்பையின் சுருக்கங்களைத் தளர்த்தக்கூடும். நம்பிக்கைக்குரிய ஒருவர் இடைவிடாது உடனிருப்பின் சுகப்பிரசவ வாய்ப்புக் கூடுகிறது. கருப்பைவாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தே தீரவேண்டும் என்னும் பழைய அளவுகோல் எல்லோர்க்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. தலைப்பிரசவத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குப்பின் முழுதும் விரியப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். இதனை ஏழாம் மாதத்திலேயே ஊழியர் விளக்கிவிடின், தாமதத்தைத் தன் உடலின் குறையெனப் பெண் கருதாள்.

இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும் என்பதையும் அப்பொழுதே சொல்லிவைத்தல் வேண்டும்.