கண்ணும் காதும் நாம், கை போலீசுடையது



ஒரு தாமானில் இரண்டு வீடுகள் அடுத்தடுத்து உடைக்கப்பட்டால் என்ன நடக்கிறது? அந்த வாரமே கூட்டம் போடுகிறோம். இளைஞர்கள் தடியுடன் இரவில் சுற்றுகிறார்கள். மூன்றாம் மாதம் யாரும் வருவதில்லை. சில இடங்களில் அதைவிட மோசம். வழி தவறி வந்த பையனைத் திருடன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். இந்த இரண்டு முடிவும் வராதபடி ஒரு காவல் குழுவை அமைப்பது எப்படி என்பதுதான் இன்றைய நம் பேச்சு.

இது நமக்குப் புதிதல்ல. 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், கோலாலம்பூர் கம்போங் காசிப்பிள்ளையில்தான் பிரதமர் துன் அப்துல் ரசாக் ருக்குன் தெத்தாங்கா திட்டத்தைத் தொடக்கி வைத்தார். அப்போது முறைபோட்டு இரவு ரோந்து செல்வதே அதன் முக்கிய வேலை. 1980களில் அண்டை அயலாரின் நல்லுறவு முதலிடத்திற்கு வந்தது. 2012ஆம் ஆண்டில் ருக்குன் தெத்தாங்காவுக்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன் கீழ் இயங்குவதுதான் எஸ்.ஆர்.எஸ். எனப்படும் தன்னார்வ ரோந்துத் திட்டம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பெரிய வட்டாரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று சாலைகள் போதும். வீடு வீடாகச் சென்று பேசுங்கள். மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் எல்லாம் குழுவில் இருக்க வேண்டும். ஒரே இனத்தவர் மட்டும் ரோந்து சென்றால், அடுத்த இனத்துப் பையன் யார் நடந்து வந்தாலும் சந்தேகமாகத்தான் தெரியும். டியூஷன் முடிந்து வரும் நம் பிள்ளைக்கும் அந்தக் கதி நேரலாம்.

அடுத்து, குழு அமைத்த பிறகு போலீசுக்குச் சொல்வோம் என்று இருக்காதீர்கள். முதல் கூட்டத்திற்கே வட்டார காவல் நிலையத்தில் இருந்து ஓர் அதிகாரியை அழையுங்கள். நம் பகுதியில் எந்த நேரத்தில், எந்த வழியாக, என்ன குற்றம் நடக்கிறது என்று கேளுங்கள். அதை வைத்தே ரோந்து நேரத்தை முடிவு செய்யுங்கள். வீட்டில் ஆள் இல்லாத பகல் வேளையில்தான் உங்கள் பகுதியில் வீடுகள் உடைக்கப்படுகின்றன என்றால், நள்ளிரவில் சுற்றி என்ன பயன்? அங்கே ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும்தான் உண்மையான காவலர்கள். ஐந்தடியில் அமர்ந்து சாலையைக் கவனித்தாலே போதும்.

மூன்றாவது, பதிவு. ருக்குன் தெத்தாங்கா வழியாக எஸ்.ஆர்.எஸ். குழுவாகப் பதிந்து கொள்ளுங்கள். உறுப்பினர் பட்டியலும் ரோந்து அட்டவணையும் காவல் நிலையத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரவில் ரோந்துக் காரில் வரும் போலீசுக்கு நீங்களும் சந்தேகப் பேர்வழிதான்.

சட்டம் எதுவரை அனுமதிக்கிறது?

ரோந்துக்குத் தனியாகச் செல்லக் கூடாது. டார்ச் லைட், விசில், இருட்டில் ஒளிரும் மேலங்கி, கைப்பேசி போதும். பாராங் கத்தி, இரும்புக் குழாய் எதுவும் கூடாது. பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "தற்காப்புக்குத்தான் எடுத்துச் சென்றேன்" என்று சொல்லித் தப்பிவிடலாம் என நம்பாதீர்கள்.

திருடனை நாமே பிடிக்கலாமா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஓரளவு இடம் தருகிறது. ஜாமீனில் விட முடியாத, வாரண்டு இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தை ஒருவன் நம் கண் முன்னே செய்தால், அவனைப் பிடித்துத் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்கலாம். அவ்வளவுதான். கட்டி வைத்து அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அடிபட்டவன் இறந்துவிட்டால் அடித்தவர்கள் மீது கொலைக் குற்றச்சாட்டே வரலாம். பறிபோன சங்கிலியை மீண்டும் வாங்கிக் கொள்ளலாம். சிறைக்குப் போன மகனின் இளமையைத் திருப்பி வாங்க முடியுமா? சாலையை அடைத்துத் தடுப்பு போடும் முன்பும் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வர வேண்டுமல்லவா?

ஆகவே நம் வேலை பார்ப்பதும் சொல்வதும்தான். ஆனால் சரியாகச் சொல்ல வேண்டும். "சந்தேகமான ஆள் நிற்கிறான்" என்றால் போலீசால் என்ன செய்ய முடியும்? எந்தச் சாலை, எத்தனை மணி, எத்தனை பேர், வாகனத்தின் எண், நிறம், எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லுங்கள். குற்றம் நடந்து கொண்டிருந்தால் உடனே 999. மற்றவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். யாருடைய படத்தையும் "இவன்தான் திருடன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆள் மாறிப் போயிருந்தால் ஓர் அப்பாவியின் வேலையும் மானமும் போய்விடும்; உங்கள் மீது அவதூறு வழக்கும் வரும்.

குழு நிலைக்க என்ன வழி?

போலீசிடம் நாமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். தொடர்புக்கு ஓர் அதிகாரியின் பெயரும் எண்ணும், மாதம் ஒரு சந்திப்பு, நாம் கொடுத்த தகவலுக்கு என்ன ஆனது என்ற பதில். பதிலே வராவிட்டால் தகவல் சொல்லும் ஆர்வம் தானாகவே குறைந்துவிடும்.

ஒருவரையே வாரம் மூன்று இரவு ரோந்து போகச் சொல்லாதீர்கள். மாதம் இரண்டு முறை, இரண்டு மணி நேரம் என்றால் பல ஆண்டுகள் வருவார். எரியாத தெருவிளக்கு, புதர் மண்டிய காலி மனை இவற்றைப் பட்டியலிட்டு ஊராட்சி மன்றத்தில் கொடுங்கள். கோத்தோங் ரோயோங், தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என எல்லாவற்றிலும் குழு ஒன்று கூடட்டும்.

அன்பர்களே, உங்கள் சாலையில் இரு பக்கமும் இருக்கும் பத்து வீட்டுக்காரர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் இந்த வார இறுதியில் கதவைத் தட்டி, பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் காவல் குழுவின் முதல் பட்டியல் அதுதான்.