வெள்ளை ஒயரை முதலில் பாருங்கள்

தாத்தா ஓட்டிய பெட்ரோல் அம்பாசடர் திருச்சுழி வீட்டில் தொழுவத்தை ஒட்டிச் சும்மா நிற்கிறது, அதை எழுப்பி ஓட்டவேண்டும் என்கிறீர்கள். நல்ல காரியம் தம்பி. டேஷ்போர்டுக்கு அடியில் போக்கிடம் தெரியாத ஒயர்கள் கொத்தாகத் தொங்குகின்றன, வேண்டாததை வெட்டிவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். வெட்டாதீர்கள். டீயைக் குடியுங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

அம்பாசடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்த வண்டி. வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை செய்தது. பழைய மாடல்களின் ஒயரிங்கும் அந்த நாட்டு லூகாஸ் முறைதான். அதில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது; சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். வெள்ளையில் சாவி போட்டால்தான் வரும். பச்சையும் சாவிக்குக் கட்டுப்பட்டதுதான், ஆனால் பியூஸ் வழியாக வருகிறது. ஊதாவில் பியூஸ் வழியாக எப்போதும் இருக்கும். ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க்கிங் லைட்டுக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்தக் கால வண்டியில் மொத்தமே இரண்டு பியூஸ். பிரவுனுக்கும் வெள்ளைக்கும் பியூஸே கிடையாது. எஸ்.யு. எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியில் பம்புக்குப் போவது அந்த வெள்ளைதான். அது எங்காவது உரசி பாடியில் பட்டால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. ஒயர் முழுக்கக் காய்ந்து உருகும், அதன் மறுமுனையில் பெட்ரோல் இருக்கும்.

நம் கரிசல் காட்டு வெயிலும் புழுதியும் பட்டு பானெட்டுக்குள் இருக்கும் வெள்ளை பழுத்துப் பிரவுனாகியிருக்கும். நிறத்தை அங்கே பார்த்து முடிவுசெய்யாதீர்கள். டேஷ்போர்டுக்குள் சுற்றிய டேப்பைக் கொஞ்சம் பிரித்தால் உள்ளே அசல் நிறம் தெரியும். அதுவும் கம்பெனி போட்ட ஒயருக்குத்தான். பிறகு கை வைத்தவர்கள் கடையில் அன்றைக்குக் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள்.

அப்படிக் கை வைத்த இடங்கள்தான் இப்போது புதிராக நிற்கின்றன. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் போட்டவர்கள் பழைய கட்அவுட் பெட்டியைக் கழற்றாமல் அதையே ஒயர் சேர்க்கும் இடமாக ஆக்கியிருப்பார்கள். திருட்டுக்குப் பயந்து சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் ஒளிந்திருக்கலாம். நான் அதிகம் அஞ்சுவது கேஸ் கிட்டின் மிச்சத்துக்கு. 2000ல் சட்டம் திருத்தி எல்பிஜியை வண்டி எரிபொருளாக அனுமதிப்பதற்கு முன்பே பலர் சமையல் சிலிண்டரை டிக்கியில் வைத்து ஓட்டினார்கள். அந்தக் கிட்டில் இரண்டு சோலனாய்டு வால்வு இருக்கும். ஒன்று கேஸை அடைக்கும், மற்றது பெட்ரோலை. கிட்டைக் கழற்றியவர் பெட்ரோல் வால்வை லைனிலேயே விட்டிருந்தால், அதன் ஒயரை நீங்கள் வெட்டிய நிமிடமே வால்வு மூடும். நடுரோட்டில் வண்டி நிற்கும். அதைவிட மோசம், வால்வு திறந்தே இருக்கட்டும் என்று யாராவது அதை நேரே பேட்டரியில் கொடுத்திருப்பது. சாவியை எடுத்த பிறகும் அது சூடாகிக்கொண்டே கிடக்கும்.

ஆகவே ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு நுனியையும் கண்டுபிடிக்க வேண்டும். வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக மாட்டுங்கள். சாவியும் லைட்டும் அணைந்து, கதவுகள் மூடிய நிலையில் பல்பு எரிந்தால் எங்கோ கரண்ட் போகிறது. ஷார்ட்டே இருந்தாலும் பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது, ஒயர் கருகாது. பியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். இரண்டும் எடுத்த பிறகும் எரிந்தால் சந்தேகம் பிரவுன் பக்கம். பிறகு பேட்டரியை முழுக்கக் கழற்றிவிட்டு மீட்டரில் தொடர்ச்சி பார்த்து, இரு நுனியிலும் ஒரே எண் எழுதிய துண்டைக் கட்டுங்கள். பொறுமையான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி இல்லை.

பம்புக்கு வருவோம். சாவி போட்டதும் எஸ்.யு. பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் தொட்டி நிறைந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் காற்றை இழுக்கிறது, அல்லது எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது. உடனே சாவியை எடுங்கள். வண்டி மோதி இன்ஜின் நின்றாலும் சாவி போட்டிருக்கும்வரை இந்தப் பம்புக்குக் கரண்ட் உண்டு. குழாய் அறுந்திருந்தால் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் பம்ப் லைனில் ஒரு பியூஸும் ஓர் இனர்ஷியா சுவிட்சும் போட்டுவிடுங்கள். சுவிட்சுக்குள் காந்தம் பிடித்து வைத்த இரும்புக் குண்டு இருக்கும். மோதலில் குண்டு விடுபட்டுத் தொடர்பைத் துண்டிக்கும். மேலே உள்ள பட்டனை அமுக்கினால் திரும்பச் சேரும். ஆடாத பாடித் தகட்டில், கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள்.

ரப்பர் ஹோஸ்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் அதில் ஊறி வெடிக்கும். வாங்கும்போது எத்தனால் தாங்கும் ஹோஸா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு, ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.