குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உரிய உதவி

குற்றம் ஒன்று நிகழ்ந்ததும் அரசு இயந்திரம் இயங்கத் தொடங்குகிறது. காவல் துறையினர் புலன் விசாரணை செய்கின்றனர், அரசுத் தரப்பு வழக்கறிஞர் வழக்கை நடத்துகிறார், நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது, தண்டனை பெற்றவரைச் சிறைத் துறை பராமரிக்கிறது. இவை அனைத்திற்கும் ஆகும் செலவு பொது நிதியிலிருந்தே வழங்கப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் வறியவராயின், அவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்தப்படுகிறார். நாகரிக சமுதாயத்தில் இவ்வாறு இருப்பதே முறை. ஆனால் இந்த ஏற்பாட்டில் இருவருடைய செலவு மட்டும் நெடுங்காலமாக எவருடைய கணக்கிலும் ஏறவில்லை. ஒருவர் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர். மற்றவர் கண்டதைக் கண்டவாறு சொல்ல முன்வந்த சாட்சி.

இவ்விருவருக்கும் இன்று சட்டத்தில் உரிமைகள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கேட்பவருக்கே கிடைக்கும் தன்மையுடையவை. கேட்கத் தெரியாதவருக்கும் கேட்க அஞ்சுபவருக்கும் அவற்றைக் கொண்டு சேர்ப்பதே எஞ்சியுள்ள பணியாகும்.

சாட்சி சொல்வதன் செலவு

நீதியைப் பொருளாதார நோக்கில் ஒரு பொதுப் பண்டம் எனலாம். குற்றவாளி ஒருவன் தண்டிக்கப்படும்போது அதன் பயனை ஊரார் அனைவரும் அடைகின்றனர். ஆனால் அப்பயனை விளைவிப்பதற்கான செலவில் ஒரு பங்கு சாட்சி என்னும் தனி மனிதர் மீது விழுகிறது. பயன் பொதுவாகவும் செலவு தனியாகவும் அமையுமிடத்து, அப்பண்டம் தேவையான அளவு கிடைப்பதில்லை என்பது பொருளியலின் பாலபாடம்.

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கிழக்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே அமைந்துள்ள வரதய்யபாளையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இம்மண்டலம், 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. வேளாண்மையை நம்பிய கிராமங்களும், ஸ்ரீ சிட்டி தொழில் நகரை நாடி வந்த தொழிலாளர்களும் ஒருங்கே உள்ள பகுதி இது. இங்குள்ள விவசாயக் கூலி ஒருவர் அடிதடி வழக்கொன்றில் சாட்சியாக அழைக்கப்படுகிறார் என வைத்துக்கொள்வோம். நீதிமன்றம் உள்ள ஊருக்குச் செல்லும் நாளில் அவருடைய ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் அதனுடன் சேர்கின்றன. வழக்கு ஒத்தி வைக்கப்பட்டால் இச்செலவு இரட்டிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அதே ஊரில் நிலமும் செல்வாக்கும் உடையவராயின், நாளைய வேலை கிடைக்குமா என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இந்நிலையில் அவர் கூண்டில் ஏறித் தமது முந்தைய வாக்குமூலத்தை மறுத்துவிட்டால், அதனைப் பிறழ்சாட்சி என்கிறோம். பல சமயங்களில் அது தாங்க இயலாத செலவைத் தவிர்க்க ஏழை ஒருவர் கண்ட வழியே ஆகும்.

சட்டம் கடந்து வந்த பாதை

1973ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம், 357ஆம் பிரிவின்படி, குற்றவாளியிடமிருந்து பெறப்படும் அபராதத்தினின்று பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்தது. இவ்வதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டுமென 1988இல் ஹரி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. எனினும் இதில் அடிப்படைக் குறை ஒன்று இருந்தது. குற்றவாளி அகப்பட்டு, தண்டிக்கப்பட்டு, பணமும் உடையவராக இருந்தாலன்றி இழப்பீடு கைக்கு வராது.

இக்குறையை நீக்க அரசே பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்து உலகில் 1960களில் உருப்பெற்றது. நியூசிலாந்து 1963இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது; பிரிட்டன் 1964இல் திட்டம் வகுத்தது. 1985 நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, பாதிக்கப்பட்டோருக்கான நீதியின் அடிப்படைக் கோட்பாடுகளைப் பிரகடனம் செய்தது. மரியாதையுடன் நடத்தப்படுதல், வழக்கின் போக்கை அறிதல், இழப்பீடு, மருத்துவ மற்றும் சமூக உதவி ஆகியவை அதன் சாரமாகும்.

இந்தியாவில் 2008ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்து, புதிய அடித்தளம் அமைத்தது. பாதிக்கப்பட்டவர் யார் என்பதற்கு விளக்கம் தரப்பட்டது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அவரே மேல்முறையீடு செய்யும் உரிமை கிடைத்தது. ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. பின்னர் 2013ஆம் ஆண்டுத் திருத்தம், பாலியல் வன்முறைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடின்றி இலவசச் சிகிச்சை அளிப்பதைக் கட்டாயமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இவ்வுரிமைகளைத் தொடர்ந்து காத்து, சிலவற்றை விரிவுபடுத்தியும் உள்ளது.

பாதிக்கப்பட்டோரின் இன்றைய உரிமைகள்

முதலாவது, புகார் செய்யும் உரிமை. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருப்பினும், எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். மாநில எல்லையை நாள்தோறும் கடந்து தொழில் செய்யும் வரதய்யபாளையம் போன்ற பகுதி மக்களுக்கு இதன் பயன் பெரிது.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமை. புலன் விசாரணை எந்நிலையில் உள்ளது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கு 90 நாட்களுக்குள் காவல் துறை தெரிவித்தல் வேண்டும். அரசு வழக்கைத் திரும்பப் பெற விரும்பினால், அவருடைய கருத்தைக் கேட்காமல் நீதிமன்றம் அதற்கு அனுமதி தரலாகாது.

மூன்றாவது, இழப்பீடு. நீதிமன்றத்தின் பரிந்துரையின் மீது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தொகையை நிர்ணயிக்கிறது. குற்றவாளி இன்னாரென்று கண்டறியப்படாத நிலையிலும் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தோரோ நேரே விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் சான்றின் பேரில் உடனடி முதலுதவிக்கோ மருத்துவ வசதிக்கோ உத்தரவிடலாம். பெண்களுக்கென 2018இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டத்தின்படி, உயிரிழப்புக்கு 5 முதல் 10 இலட்சம் ரூபாயும், பாலியல் வன்புணர்வுக்கு 4 முதல் 7 இலட்சம் ரூபாயும், அமில வீச்சால் முகம் சிதைந்தால் 7 முதல் 8 இலட்சம் ரூபாயும் வரம்புகளாகும்.

சாட்சிகளுக்குப் பாதுகாப்பு

சாட்சிகளைப் பற்றிச் சட்ட ஆணையம் 1958 முதற்கொண்டே தன் அறிக்கைகளில் குறிப்பிட்டு வந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் 198ஆவது அறிக்கை முழுவதும் இப்பொருளைப் பற்றியதே. ஆயினும் நாடு முழுமைக்குமான திட்டம் 2018 டிசம்பர் 5ஆம் நாள்தான், மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வாயிலாக நடைமுறைக்கு வந்தது.

இத்திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட செஷன்ஸ் நீதிபதியின் தலைமையில் நிலைக்குழு ஒன்று இயங்கும். மாவட்டக் காவல் துறைத் தலைவரும் அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் பிரிவின் தலைவரும் அதில் அங்கம் வகிப்பர். சாட்சி விண்ணப்பித்ததும், அச்சுறுத்தலின் தன்மை குறித்துக் காவல் துறை 5 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அச்சுறுத்தல் உயிருக்கா, உடைமைக்கும் பாதுகாப்புக்குமா, அன்றித் தொந்தரவு அளவிலா என மூவகையாகப் பிரித்து, அறிக்கை கிடைத்த 5 வேலை நாட்களுக்குள் விண்ணப்பம் தீர்க்கப்பட வேண்டும். ரோந்து, நீதிமன்றம் வரை காவலுடன் அழைத்துச் செல்லுதல், மூடிய அறையில் விசாரணை, தற்காலிக இடமாற்றம், இன்றியமையாத நேர்வில் அடையாள மாற்றம் ஆகியவை வழங்கப்படக்கூடிய பாதுகாப்புகளாகும். மாநில அரசுகள் தத்தம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 398ஆவது பிரிவு விதிக்கிறது.

சுண்டூர் தரும் பாடம்

நீதிமன்றத்தைச் சாட்சியிடம் கொண்டு செல்ல இயலுமா என்ற வினாவுக்கு ஆந்திரப் பிரதேசத்திலேயே விடை உண்டு. 1991 ஆகஸ்டு 6ஆம் நாள், அன்றைய குண்டூர் மாவட்டத்துச் சுண்டூரில் தலித் மக்கள் எண்மர் கொலையுண்டனர். பாதிக்கப்பட்டோரின் விடாப்பிடியான கோரிக்கையின் விளைவாகச் சிறப்பு நீதிமன்றம் அக்கிராமத்திலேயே அமைக்கப்பட்டது. சாட்சிகள் தொலைதூரம் பயணம் செய்யவில்லை. கூலியை முழுவதும் இழக்கவில்லை. தம் மக்களின் நடுவே நின்று சாட்சியம் அளித்தனர். 2007இல் அந்நீதிமன்றம் 21 பேருக்கு ஆயுள் தண்டனையும், 35 பேருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனையும் விதித்தது.

ஆயினும் 2014இல் உயர் நீதிமன்றம், சாட்சியங்களில் குறைகள் கண்டு, அவர்களை விடுவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. சம்பவத்திற்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். தூரத்தைக் குறைத்தால் சாட்சி வருவார்; காலத்தையும் குறைத்தால்தான் அவருடைய சாட்சியம் வலுவுடன் நிற்கும். சுண்டூரிலிருந்து நாம் பெறும் பாடம் இது.

மொழி என்னும் தடை

1960 ஏப்ரலில் ஆந்திர, சென்னை மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்திற்கும், சத்தியவேடு வட்டாரக் கிராமங்கள் ஆந்திரத்திற்கும் வந்தன. எனவே இப்பகுதியில் தமிழை வீட்டு மொழியாகக் கொண்டோர் உள்ளனர். சாட்சி தம் மொழியில் பேசலாம். இயலுமாயின் அம்மொழியிலேயே அது பதிவு செய்யப்படலாம். அன்றேல் நீதிமன்ற மொழியில் சரியான மொழிபெயர்ப்பு ஆயத்தம் செய்யப்பட வேண்டும். தமக்குப் புரியாத மொழியில் பதிவாகியிருப்பின், அதனைத் தம் மொழியில் விளக்கிச் சொல்லக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஒரு சொல் மாறினால் வழக்கு மாறக்கூடும் என்பதால் இதனை வெறும் சடங்காகக் கருதலாகாது.

செய்ய வேண்டுவன

முதற்கண், சாட்சிப் படி. பொதுச் சட்டம், சாட்சியின் நியாயமான செலவை வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று மட்டுமே கூறுகிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 15-ஏ பிரிவோ, பயணச் செலவையும் பராமரிப்புச் செலவையும் உரிமையாகவே அளிக்கிறது. இவ்வுரிமையை எல்லாச் சாட்சிகளுக்கும் விரிவாக்குதல் நலம். படி அன்றைய கூலியை ஒட்டியதாகவும், அன்றே கையில் கிடைப்பதாகவும் இருத்தல் வேண்டும்.

அடுத்து, தூரம். ஒலி, ஒளி மின்னணு முறையில், மாநில அரசு அறிவிக்கும் இடங்களிலிருந்து சாட்சியம் அளிக்கப் புதிய சட்டம் வழி செய்துள்ளது. மண்டலத் தலைமையிடங்களில் தகுந்த பாதுகாப்புடன் இத்தகைய இடங்களை அமைத்தால், வரதய்யபாளையத்துச் சாட்சி அரை நாளில் வேலைக்குத் திரும்ப இயலும்.

மூன்றாவது, தாமாக முன்வந்து உதவும் நடைமுறை. முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தரும்போதே, இழப்பீட்டு விண்ணப்பப் படிவத்தையும், உரிமைகளை விளக்கும் ஒரு பக்கத் துண்டுத்தாளையும், தெலுங்கிலும் தமிழிலும், காவல் நிலையம் வழங்கலாம். படிவத்தை நிரப்பித் தர மண்டலச் சட்டப் பணிகள் குழுவின் தொண்டர் ஒருவரைக் குறித்த நாட்களில் அமர்த்தலாம். 15100 என்ற இலவசச் சட்ட உதவித் தொலைபேசி எண்ணை நிலையத்தின் வாயிலில் எழுதி வைப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

நான்காவது, கணக்கு. எத்தனை வழக்குகளில் இழப்பீடு கோரப்பட்டது, எத்தனை நாட்களில் வழங்கப்பட்டது, எத்தனை சாட்சிகள் விசாரிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதை மாவட்டந்தோறும் ஆண்டுக்கொருமுறை வெளியிட வேண்டும். சாலைக்கும் பாசனத்திற்கும் இலக்கும் எய்திய அளவும் வெளியிடும் நாம், நீதியின் இப்பகுதிக்கும் அவ்வாறே செய்தல் பொருத்தமுடையது. அவ்விவரம் கைக்கு வந்தாலன்றி, அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டை எந்த மண்டலத்தில் கூட்ட வேண்டுமென்று நிர்வாகம் முடிவு செய்ய இயலாது.