கப்பலுக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் பழைய வழக்கை மறந்துவிட வேண்டாம்

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தன் வாப்பாவுடன் வீட்டுக்கு வந்தார். கப்பல் வேலைக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகளை முடித்திருந்தார். தீயணைப்பு, கடலில் உயிர்காத்தல், முதலுதவி எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கையில் இருந்தது. முகவர் ஒருவர் வேலையும் பார்த்து வைத்திருந்தார். பொலிஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்த போதுதான் சிக்கல் வந்தது.

19 வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டிருக்கிறார். முதல் தவணைக்கு நீதிமன்றம் போனவர் அடுத்த தவணைக்குப் போகவில்லை. அவர் மறந்துபோன அந்த வழக்கில் பிடியாணை ஒன்று அவருக்காகக் காத்திருந்தது.

"சேர், இனி எனக்குக் கப்பலுக்குப் போக ஏலாதா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. "சின்ன கேஸ்தானே" என்று அன்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அவருக்காகச் சட்டத்தரணிகளிடமும் கப்பலில் வேலை செய்தவர்களிடமும் விசாரித்து அறிந்தவற்றை, ஏனைய பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், கட்டாத தண்டப்பணம் பற்றியது. வீதியில் பொலிஸார் எழுதித் தரும் தண்டப்பத்திரத்துக்கு 14 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் தொகை இரட்டிப்பாகும். 28 நாட்களும் கடந்தால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கும் போகாமல் விட்டால் பிடியாணை பிறப்பிக்கப்படலாம். சில ஆயிரம் ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய விடயம் இப்படித்தான் பெரிதாகிறது. பிடியாணை இருப்பது தெரிந்தால் ஒளிந்து திரியக் கூடாது. சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் தாக்கல் செய்து, தானாகவே நீதிமன்றில் ஆஜராவதே சரியான வழி. தண்டப்பணத்தை ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் அவகாசமோ தவணை முறையோ கேட்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதற்கு இடம் தருகிறது.

இரண்டாவது, அவசரப்பட்டுக் குற்றத்தை ஒத்துக்கொள்வது. "ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வா, இன்றோடு முடியும்" என்பது நமது ஊர்களில் வழக்கமான ஆலோசனை. ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும். ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவில் நின்றுவிடும். அதே சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழ், குற்றம் நிரூபணமானாலும் ஆளின் வயது, நடத்தை, குற்றத்தின் சிறுமை போன்றவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு வழங்காமலே விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்டுப் பார்க்கவாவது சட்டத்தரணி வேண்டும். வசதியில்லாதவர்களுக்கு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அயலவர் சண்டை போன்ற சிறு பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன.

மூன்றாவது, மறைப்பது. இலங்கையில் எல்லாம் சரியாகிவிட்டாலும் கப்பல் பல நாட்டுத் துறைமுகங்களுக்குப் போகும். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலின் பணியாளர்களுக்கு சீ1/டீ விசா தேவைப்படும். அதன் விண்ணப்பம், தண்டிக்கப்பட்டீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றும், மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லுமாறும் கேட்கிறது. அங்கே "இல்லை" என்று பொய் சொல்லிப் பிடிபட்டால், பழைய குற்றத்தை விட அந்தப் பொய்யே பெரிய தடையாகிவிடும்.

பழைய குற்றம் எல்லாக் கதவையும் அடைத்துவிடுவதில்லை. அமெரிக்கக் கரையோரக் காவல் படை தன் நாட்டு மாலுமிகளுக்குச் சான்றிதழ் வழங்கும்போது ஒவ்வொரு வகைக் குற்றத்துக்கும் ஒரு மதிப்பீட்டுக் காலம் வைத்திருக்கிறது. பொறுப்பற்ற வாகன ஓட்டத்துக்கு 1 முதல் 2 ஆண்டு, சாதாரண தாக்குதலுக்கு 1 முதல் 5 ஆண்டு, போதைப்பொருள் பாவனைக்கோ வைத்திருந்ததற்கோ 1 முதல் 10 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் ஒழுங்காக வேலை செய்ததையும், நன்கறிந்தவர்கள் தரும் நற்சாட்சியையும் கவனத்தில் எடுக்கிறார்கள். அது நமது நாட்டுச் சட்டம் அல்ல. ஆனாலும் திருந்தி வாழ்ந்த காலத்துக்கு மதிப்புண்டு என்பதை அது காட்டுகிறது.

பயந்துபோன பெற்றோரைத் தேடித் தரகர்கள் வருவார்கள். "ரிப்போர்ட்டை நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்பார்கள். போலிச் சான்றிதழ் என்பது புதிய குற்றம். கப்பல் வேலை பெற்றுத் தருவதற்கு மாலுமியிடமே கட்டணம் அறவிடுவதையும் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் தடை செய்கிறது. மருத்துவச் சான்றிதழ், சீ.டி.சி. புத்தகம், கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவை மட்டுமே மாலுமி ஏற்க வேண்டும். இலங்கையும் அந்தச் சமவாயத்தை ஏற்ற நாடு. உம்மாவின் நகையை அடகு வைப்பதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

என் மாணவர் நீதிமன்றில் ஆஜரானார். பிடியாணை மீளப் பெறப்பட்டது. தண்டப்பணத்தைக் கட்டி, வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியையும் எடுத்துக்கொண்டார். அதற்குள் அந்தக் கப்பல் போய்விட்டது. இப்போது புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்.

பாடசாலையில் வேலைக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் என்ன செய்வது என்று நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஊரிலுள்ள சட்டத்தரணி ஒருவரை அழைத்து, வருடத்தில் ஒரு தடவையாவது இளைஞர்களுக்கு இதை விளக்கலாம். பெற்றோர் இன்றிரவே பிள்ளையிடம் கேட்கலாம்: "மகன், கட்டாத தண்டம், போகாத தவணை ஏதும் இருக்கா?" கோபப்படாமல் கேளுங்கள். அப்போதுதான் உண்மையைச் சொல்வான்.